மரமேறும் சாவி

தியாகதுருகம்
26.09.2025, வெள்ளி

ராபின்,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனசில்லை. காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் பிக்கப் இல்லை, கயிறு இல்லை, ரம்பம் இரண்டும் இல்லை, நீயும் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பள்ளிக்கூடத்து மரத்தை வெட்ட மலையேறிவிட்டாய். மாவுக்கட்டுக் காலோடு அக்கா துரத்திக்கொண்டு வரமாட்டாள் என்ற தைரியம்தானே?

போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. நம் தெருப் பாண்டியன் அண்ணன்தான் அந்த மலைக்குப் பஸ் ஓட்டுகிறார், காலையில் ஏறி சாயங்காலம் இறங்குகிறவர். "எழுதிக் குடும்மா, ஸ்கூலாண்ட நிறுத்திக் குடுத்துட்டுப் போறேன்" என்றார். அதனால் இந்தக் கடிதம். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம், அதுவும் உன்னைத் திட்டுவதற்கு.

சங்கராபுரத்தில் விலைக்கு வந்திருக்கும் அந்த லிஃப்ட் வண்டியை நீ வந்து பார்க்கவே மாட்டேன் என்றாய். நான் இன்று ஆட்டோ பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டேன். நீளமான கை, அதன் நுனியில் இடுப்பளவு தொட்டி. மாவுக்கட்டோடு என்னையே அதில் நிற்கவைத்துத் தூக்கிக் காட்டினார் அந்த ஆள். வேப்பமரத்து உச்சிக்கிளையைக் கையால் தொட்டேன். கீழே நின்றுகொண்டு நீ எப்போது விழுவாயோ என்று இத்தனை வருஷம் கழுத்து வலிக்கப் பார்த்திருக்கிறேனே, அதெல்லாம் எதற்கு என்று தோன்றியது.

நீ கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். "சாவி யார் கையில இருக்கும்?" லிஃப்ட் வேலை செய்ய வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், சாவி கீழே இன்னொருவன் கையில் இருக்கும், அது உனக்கு ஆகாது. ரிஷிவந்தியத்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. நீ மரத்தின் மேல் நிற்கிறாய், உன் உயிர்க்கயிறு நம் பிக்கப்பின் பின்கொக்கியில் கட்டியிருக்கிறது, வீட்டுக்காரர் பைக் எடுக்க வழி வேண்டும் என்று எவனோ ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டான். அன்று நான் போட்ட கத்தலில்தான் நின்றது. சாவியை உன் அரைஞாண் கயிற்றில் முடிந்து அனுப்பும் வழக்கத்தை ஆரம்பித்ததே நான்தான். இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அன்று கீழே நான் இருந்தேன். இப்போது என் காலின் மேல் உருண்ட மரத்துண்டு என்னை வீட்டில் உட்காரவைத்துவிட்டது. கீழே வண்டியோடு யார் இருக்கிறார்கள்? கூலிக்கு வந்த டிரைவர் பிரவீன்குமார். அவன் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

இறங்கி வா. லிஃப்டை எடுத்துக்கொண்டு சேர்ந்து போகலாம்.

ஜெஸி


பள்ளிக்கூட வளாகம், கல்வராயன் மலை
28.09.2025, ஞாயிறு

அன்புள்ள, கோபமுள்ள, தொட்டியில் ஏறிய அக்காவுக்கு,

பாண்டியன் அண்ணன் பஸ்ஸை நிறுத்தி ஹாரன் அடித்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று ஓடினேன். பார்த்தால் திட்டு, தபாலில் வந்திருக்கிறது.

முதலில் உன் லிஃப்ட். அதை இந்த மலைக்கு எப்படிக் கொண்டுவருவாய்? கொண்டை ஊசி வளைவில் நம் பிக்கப்பே ஒடித்து ஒடித்துத்தான் திரும்புகிறது. அவ்வளவு நீள வண்டி முதல் வளைவிலேயே மாட்டிக்கொள்ளும். அப்படியே வந்தாலும் நிறுத்த இடமில்லை. அதற்கு நாலு இரும்புக்கால் ஊன்ற சமதரை வேண்டும். இங்கே பள்ளிப் பிள்ளைகள் விடுதியைச் சுற்றி எல்லாம் சரிவு. தொட்டியில் என்னை நிற்கவைத்து வண்டியோடு கவிழ்த்துவிடாதே.

மரத்தைச் சொல்கிறேன். பெரிய புளியமரம். இரண்டாகக் கவடு பிரியும் இடத்தில் வெடித்திருக்கிறது. ஒரு பக்கத்துக் கிளை முழுக்க விடுதியின் தகரக்கூரைக்கு மேலே சாய்ந்து கிடக்கிறது. அதற்கு நேர்கீழேதான் பிள்ளைகள் பாய் விரித்துப் படுப்பார்களாம். இப்போது காலாண்டு விடுமுறை. வரும் ஞாயிறு சாயங்காலம் எல்லாரும் திரும்பிவிடுவார்கள். அதற்குள் துண்டு துண்டாக இறக்கியாக வேண்டும். ஐப்பசி மழை அடித்தால் அதுவே விழும்.

விடுதியில் சமைக்கும் சாமியம்மாள் அக்கா லீவுக்கும் இங்கேயே இருக்கிறார். நான் முதல் நாள் கயிறு போடும்போது மரத்தடியில் சூடம் கொளுத்தி, "கோச்சிக்காத, புள்ளைங்க இருக்கற எடம்" என்று மரத்திடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்பா, வூட்ல கேட்டுக்கினுதான் வந்தியா?" என்றார். நான் அடுத்த கயிற்றை எடுக்கப் போய்விட்டேன்.

உயிர்க்கயிற்றை ஏன் வண்டியில் கட்டுகிறாய், மரத்தடியில் கட்டு என்பாய். வெடித்த மரத்தின் அடியிலேயே என்னைக் கட்டச் சொல்கிறாயா? வண்டிதான் நகராமல் நிற்கும். சாவி என் இடுப்பில் இருக்கிறவரை நிச்சயம் நிற்கும். எப்போதும் நம்மோடு வரும் தமிழழகன் கீழே ரம்பமும் கயிறும் பார்க்கிறான். பிரவீன் நல்ல பையன், கொஞ்சம் பேச்சு ஜாஸ்தி, அவ்வளவுதான்.

ஒரு விஷயம். இரண்டாவது கவட்டுக்கு ஏறினால் போனில் ஒரு கோடு டவர் வருகிறது. அங்கிருந்து உன்னைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். காற்றுச் சத்தம் கேட்டு நீ பயப்படுவாய் என்று விட்டுவிட்டேன்.

ராபின்


தியாகதுருகம்
29.09.2025, திங்கள்

ராபின்,

மரத்தின் மேலிருந்து போன் பேசினாயானால் இறங்கியதும் உன் காலையும் ஒடிப்பேன். இரண்டு பேரும் ஜோடியாக உட்கார்ந்திருக்கலாம்.

வெடித்த மரம் என்று நீ என்னிடம் முன்பே சொல்லவில்லை. "ஒரு புளியமரம், நாலு நாள் வேலை" என்றாய். சொன்னால் விடமாட்டேன் என்று உனக்குத் தெரியும். வெடித்த மரத்தில் ஏறுகிறவனை எந்தக் கொக்கியில் கட்டினால் என்ன?

லிஃப்ட் அந்த வளைவுகளில் ஏறாது என்கிறாய். சங்கராபுரத்துக்காரரிடம் கேட்டேன், அவரும் தலையைச் சொறிந்தார். சரி, அதில் நீ சொல்வது நியாயம். ஆனால் எனக்கு வேறொரு பயம் வந்துவிட்டது. நேற்று மாதா கோவிலில் உட்கார்ந்து ஜெபம் செய்யாமல் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ மேலே இருக்கிறாய். சாவி உன் இடுப்பில். கீழே ஒருவனுக்கு ஒன்று ஆகிறது. அந்த இடத்தில் இருப்பது ஒரே வண்டி. அதை எப்படி எடுப்பீர்கள்?

மாற்றுச் சாவி இங்கே பிஸ்கட் டப்பாவில்தான் கிடக்கிறது. பாண்டியன் அண்ணனிடம் கொடுத்தனுப்பலாம் என்று கையில் எடுத்தேன். பிரவீன் பேச்சு ஜாஸ்தி என்று எழுதியிருக்கிறாயே, பேசிக்கொண்டே வண்டியை எடுத்துவிட்டால்? திரும்ப டப்பாவிலேயே போட்டு மூடிவிட்டேன். பார்த்தாயா, உன்னைத் திட்டுகிற நானும் அதே லட்சணம்தான்.

நீயே யோசித்துச் சொல். சாவியைத் தவிர வேறு வழியை யோசி.

புதன்கிழமை ஆயுத பூஜை. அன்று அவர்களை வேலை வாங்காதே. நீயும் ஏறாதே.

ஜெஸி


பள்ளிக்கூட வளாகம்
01.10.2025, புதன்

அக்கா,

ஏறவில்லை. திருப்திதானே?

இன்று இங்கே ஒரே அமர்க்களம். பிரவீன் பிக்கப்பைக் கழுவி சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டான். தமிழழகன் இரண்டு ரம்பத்தையும் அக்கக்காகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, செயினை நிறுத்தக் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் முன்கைக் காப்பைக்கூடத் தனியாகக் கழற்றி அதற்கும் ஒரு பொட்டு வைத்தான். சாவியையும் படையலில் வைக்கக் கேட்டார்கள். அவிழ்த்துக் கொடுத்தேன். பூஜை முடிந்ததும் வாங்கி முடிந்துகொண்டேன். சாமியம்மாள் அக்கா செய்த சுண்டலும் சாமைப் பொங்கலும் எனக்கும் உண்டு. நாங்க கிறிஸ்தவங்க என்றேன். "பசி இன்னா மதம்பா?" என்று இன்னொரு கரண்டி போட்டார்.

நீ கேட்டதற்குப் பதில். கீழே யாருக்கும் ஒன்றும் ஆகாது. மேலே இருப்பவன் நான்தான். பயப்படுவதானால் எனக்காகப் பயப்படு, அதற்கு நான் சாவி வைத்திருக்கிறேன். தினமும் ஒரு பயத்தை எழுதி அனுப்பாதே அக்கா. கிளைமேல் நிற்கும்போது உன் கடிதம்தான் ஞாபகம் வருகிறது. பிடி தவறினால் அதற்கும் சேர்த்து நீதான் காரணம்.

கூரைக்கு எதிர்ப்பக்கக் கிளைகள் எல்லாம் இறங்கிவிட்டன. கீழிருந்து ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே மேலே போயிருக்கிறேன். நாளைக்கு விஜயதசமி, அவர்களுக்கு லீவு கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை பெரிய கிளை.

ராபின்


கள்ளக்குறிச்சி, ஆஸ்பத்திரி வாசல்
03.10.2025, வெள்ளி

ராபின்,

கயிறு வந்துவிட்டது. நீ வரவில்லை.

அடிவாரத்தில் டவர் கிடைத்ததும் பிரவீன் போன் செய்தான். தமிழழகனுக்குத் தொடையில் ரம்பம் பட்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்கு வா என்றான். நான் ஆட்டோவில் வந்து இறங்கும்போது பிக்கப் வாசலில் நிற்கிறது. அதன் பின்கொக்கியிலிருந்து உன் உயிர்க்கயிறு சேறும் சகதியுமாகத் தரையில் நீளமாகக் கிடக்கிறது. நுனியில் உன் பெல்ட்டில் மாட்டும் வளையம் திறந்து கிடக்கிறது. மலையிலிருந்து இத்தனை தூரம் இழுத்துக்கொண்டே வந்திருக்கிறான். நீ எங்கே என்று பிரவீனைப் பிடித்து உலுக்கினேன்.

"அண்ணன் மேலதான் கீறாருக்கா, நல்லா கீறாரு. அவரேதான் கயிறக் கழட்டி வுட்டாரு" என்று அழுகிறான். கயிறு இல்லாமல் மேலே நன்றாக இருப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

தமிழழகனை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவன் மனைவி செவ்வந்தி இன்னும் வந்து சேரவில்லை. அவள் வரும்வரை நான் இங்கிருந்து நகர முடியாது. இல்லாவிட்டால் இந்த வண்டியிலேயே ஏறி வந்திருப்பேன். பிரவீனைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். கயிற்றோடு அவன் உடனே திரும்புவான்.

மரத்தோடு உன்னைச் சுற்றிக் கட்டியிருக்கும் இடுப்புவாரைக் கழற்றாதே. ஈர மரத்தில் கட்டிப்பிடித்து இறங்கிப் பார்க்கலாம் என்று நினைக்காதே. நீ கீழ்க்கிளை எல்லாவற்றையும் அறுத்துவிட்டதாக எழுதியிருந்தாயே, கால் வைக்க ஒரு கொம்பும் கிடையாது. வண்டி வரும்வரை அசையாதே. இங்கிருந்து பார்த்தால் மலைப்பக்கம் கறுத்துக் கிடக்கிறது.

நீ இறங்கிய பிறகுதான் இதைப் படிக்க முடியும். இறங்கிய பிறகு படிக்கப்போகிறவனுக்கு எப்படி இறங்குவது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதுடா.

ஜெஸி


பள்ளிக்கூட வளாகம்
04.10.2025, சனி, காலை

அக்கா,

இறங்கிவிட்டேன். முதலில் அதைப் படித்துக்கொள்.

நேற்றே டவர் இருக்கும் இடத்துக்குப் போய் உன்னைக் கூப்பிட பிரவீனை அனுப்பினேன். பாதையில் மண் சரிந்து வழி அடைத்துவிட்டது. இப்போதுதான் தள்ளியிருக்கிறார்கள். ராத்திரி முழுக்க நீ தூங்கியிருக்க மாட்டாய். தமிழழகன் எப்படி இருக்கிறான்?

நடந்தது இதுதான். பூஜைக்குக் கழற்றிய முன்கைக் காப்பைத் திரும்ப மாட்டியபோது உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்கைத் தமிழழகன் விட்டுவிட்டிருக்கிறான். காப்பு பார்வைக்கு அப்படியே இருந்தது, பொட்டுகூட அழியவில்லை. கீழே விழுந்த கிளையைத் துண்டுபோடும்போது ரம்பம் எகிறியது. வழக்கமாக அந்தக் காப்பில் கை பட்டதும் செயின் நின்றுவிடும். நிற்கவில்லை.

"சாவிண்ணா! சாவி!" என்று பிரவீன் கத்தினான். அரைஞாண் முடிச்சு பெல்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. விரல் நுழையவில்லை. நீ எழுதியிருந்தாயே, கீழே ஒருவனுக்கு ஒன்று ஆனால் என்று. அந்த வரி அப்படியே கண் முன்னால் நின்றது. கயிற்றோடு பிடித்து இழுத்து அறுத்து எறிந்தேன். அது நேராகத் தகரக்கூரையில் விழுந்து, சறுக்கி, தண்ணீர்க் குழாயோரம் போய் மாட்டியது. சாமியம்மாள் அக்கா மூங்கில் கழியால் குத்திக் குத்தித் தள்ளினார். அதுவரை தமிழழகன் துண்டால் தொடையைக் கட்டிக்கொண்டு வண்டியில் சாய்ந்து கிடந்தான். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என்னால் அது மட்டும்தான் முடிந்தது.

சாவி கிடைத்ததும் பிரவீன் வண்டியை எடுத்துவிட்டான். என் கயிறு அதில் கட்டியிருக்கிறது என்று அவனுக்கு நினைப்பில்லை. இடுப்பு இழுத்தது அக்கா. இத்தனை வருஷம் எதற்குப் பயந்து சாவியைக் கட்டிக்கொண்டு ஏறினேனோ அதுவே நடந்தது. கத்தினேன், நிறுத்தினான். கொக்கியில் முடிச்சு ஈரத்தில் இறுகிக் கல்லாகிவிட்டது, அவிழவில்லை. நான் என் பக்கத்து வளையத்தைத் திறந்துவிட்டு, "போ" என்றேன். கயிறு கவட்டின் வழியாக ஓடி, கீழே விழுந்து, வண்டியின் பின்னால் போய்விட்டது.

வண்டிப் பக்கம் கயிற்றை அறுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். எனக்கும் அது அப்புறம்தான் தோன்றியது.

பிறகு மழை வந்தது. இடுப்புவார் மட்டும்தான். காற்று அடிக்கும்போதெல்லாம் கவட்டு வெடிப்பு விரிந்து மூடுவதை முதுகில் உணர்ந்தேன். சின்ன ரம்பத்தைத் தூக்கி இறக்கும் சரடு மேலே இருந்ததால், கிணற்றுக் கயிற்றை அதில் கட்டி அனுப்பச் சொன்னேன். சாமியம்மாள் அக்கா எடுத்துவந்து இழுத்துப் பார்த்துவிட்டு, "நடுவுல நார்நாரா கெடக்குது. இது கொடத்தத்தான் தாங்கும், உன்ன தாங்காது" என்று கீழே போட்டுவிட்டார். ஊருக்குள் போய் யாரையாவது கூட்டிவரட்டுமா என்றார். போகாதீங்க என்றேன். தனியாக இருக்க பயமாக இருந்தது. மழையில் நனைந்துகொண்டே நின்று, "பேசிக்கினே இரு, கண்ண மூடாத" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். பேச ஒன்றும் இல்லாமல் கோவில் பாட்டெல்லாம் பாடினேன். "நீ பாடறதக் கேட்டு மரமே வுழுந்துடும், பேசவே பேசு" என்றார்.

பிரவீன் வந்ததும் சரடில் கயிற்றைக் கட்டி மேலே இழுத்து இறங்கினேன். சேற்றிலேயே உட்கார்ந்து உன் மருந்துச் சீட்டைப் படித்தேன்.

கூரைமேல் இருக்கும் கிளை இன்னும் அப்படியே இருக்கிறது. மழையில் வெடிப்பு அகன்றிருக்கிறது. நாளை சாயங்காலம் பிள்ளைகள் வருகிறார்கள். ஏறத்தான் வேண்டும். எப்படி ஏறுவது என்று நீ சொல். சொன்னபடி கேட்கிறேன்.

ராபின்


தியாகதுருகம்
04.10.2025, சனி, மாலை

ராபின்,

காலையில் பிரவீன் வாசலில் வந்து நின்று "இறங்கிட்டாருக்கா" என்று சொல்கிறவரை நான் உன்னைப் பத்துத் தடவை புதைத்துவிட்டேன். இதை எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

தமிழழகன் பிழைத்துக்கொண்டான். பெரிய ரத்தக்குழாய் தப்பிவிட்டது, இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கண் விழித்ததும் ஸ்பிரிங் ஸ்பிரிங் என்றான். பிறகு டீ கேட்டான்.

நீ ஏறக்கூடாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பாய் விரித்துப் படுக்கும் பிள்ளைகள் குறுக்கே வருகிறார்கள். அதனால் ஏறு. ஆனால் இப்படி ஏறு.

பிரவீனோடு கயிறு சுற்ற ஒரு இரும்பு உருளை வருகிறது. பட்டறையில் என் கண் முன்னால் பற்றவைத்தது. தடிமனான குழாய், கயிறு நழுவாமல் இரண்டு பக்கமும் கொம்பு. விடுதிக்குப் பின்னால் பெரிய பலாமரம் இருக்கிறதாம், பிரவீன் சொன்னான். அதன் அடியில் சங்கிலி போட்டு இதைக் கட்டு. கிளை இறக்கும் கயிறும் சரி, உன் கயிறும் சரி, இனி அதில்தான். வண்டியில் இல்லை, எந்த நாளும் இல்லை. கயிறு புதிது. ரம்பம் வாடகைக்கு எடுத்தது. காப்பைத் தட்டிப் பார்த்து, செயின் நிற்கிறதா என்று நானே சோதித்தேன். கீழே கயிறு பிடிக்க ஆள் வேண்டும் என்று என் தம்பியாட்டம் இன்னொரு பிடிவாதக்காரனை, சந்தோஷை, அனுப்புகிறேன். அவன் நம்மோடு முன்பு வேலை செய்தவன், உனக்குத் தெரியும்.

வண்டி பாதையைப் பார்த்துத் திரும்பி நிற்கட்டும். மாற்றுச் சாவியை பிஸ்கட் டப்பாவிலிருந்து எடுத்து பிரவீன் கையில் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது என் கை கொஞ்சம் பின்னால் இழுத்தது, மறைக்கவில்லை. அது வண்டியிலேயே தொங்கும்.

லிஃப்ட் மலைக்கு வராது, ஒத்துக்கொள்கிறேன். கீழே சமவெளியில் அதை வாங்கத்தான் போகிறோம், அதை நீ ஒத்துக்கொள்.

இன்னும் ஒன்று. உன் பழைய சாவி இல்லாமல் ஏறினால் உனக்குக் கால் வராது என்று எனக்குத் தெரியும். பிரவீன் கொண்டுவந்து தருவான், கட்டிக்கொண்டே ஏறு. யாருக்கும் இனி அது தேவைப்படாது. நாளை சாயங்காலம் பாண்டியன் அண்ணன் பஸ் திரும்பும்போது கதை எதுவும் எழுத வேண்டாம். இறங்கியதும் அந்தச் சாவியை உன் கையாலேயே அவிழ்த்து அவரிடம் கொடுத்துவிடு. அது வந்தால் போதும்.

நாளைக்குப் பூசைக்குப் போகமாட்டேன். பஸ் நிற்கும் இடத்திலேயே உட்கார்ந்திருப்பேன். மாதா மன்னிப்பாள்.

ஜெஸி


பள்ளிக்கூட வளாகம்
05.10.2025, ஞாயிறு

அக்கா,

இத்துடன் சாவி.

கயிறு வேறு. பழையதுதான் அறுந்துவிட்டதே, இது சாமியம்மாள் அக்கா கொடுத்தது. மலைமேல் ஊர்களிலிருந்து பிள்ளைகள் பையும் படுக்கையுமாக இதே பஸ்ஸிலிருந்துதான் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். மரம் எங்கே என்று கேட்கிறார்கள். பாண்டியன் அண்ணன் ஹாரன் அடிக்கிறார்.

ராபின்